தொலைவில் கோள அலை தள அலையாகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்க

ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் அலை கோளமாக விரியும். வெகு தொலைவில் அதன் ஒரு துண்டைத் தள அலையாக, அதாவது தட்டையாக முன்னேறும் அலையாக, எடுத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் இந்த இரண்டு வரியோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அதை நம்பிக் கணக்குப் போடும்போதோ, அளவெடுக்கும்போதோ, நிரல் எழுதும்போதோதான் விடை இடிக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வெகு தொலைவு என்றால் எதோடு ஒப்பிட்டு வெகு தொலைவு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அலைமுகம் (அலை ஒரே நேரத்தில் எட்டும் புள்ளிகளைச் சேர்த்த பரப்பு) தட்டையாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. வீச்சு மாறாமல் இருக்கிறதா என்பது வேறு. அழுத்தமும் துகள் வேகமும் (ஒலியில் ஊடகத்தின் துகள்கள் ஆடும் வேகம்), அல்லது மின்புலமும் காந்தப்புலமும், தள அலைக்குரிய விகிதத்துக்கு வந்துவிட்டனவா என்பது மூன்றாவது. மூலம் உண்மையிலேயே புள்ளியா என்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் உண்டு. ஒன்று சரியாகி மற்றொன்று சரியாகாமல் இருப்பது சாதாரணம்.

ஆகவே எதையும் தொடும் முன் நான்கு நீளங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அலைநீளம், மூலத்தின் அகலம், நீங்கள் அளக்கும் பகுதியின் அகலம், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம். அப்புறம் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி: குறுக்கீட்டு விளைவே வரவில்லை, எல்லாக் கோணத்திலும் ஒரே செறிவு

இரண்டு மூலங்கள், ஒத்திசைவாகத்தான் ஒலிக்கின்றன. ஆனால் உங்கள் கணக்கில் எந்தத் திசையிலும் ஏற்ற இறக்கம் இல்லை. பார்க்க வேண்டிய இடம், தூரத்தைத் தோராயமாக்கிய வரி.

கோள அலையின் சூத்திரத்தில் தூரம் இரண்டு இடத்தில் வருகிறது. கீழே வகுக்கும் எண்ணாக ஒரு முறை, கட்டத்துக்குள் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் கோணம்) ஒரு முறை. தூரம் பெரிது, ஆகவே இரண்டு மூலங்களும் ஒரே தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. வீச்சுக்கு அது சரி. கட்டத்துக்குச் சரியில்லை.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஒலிபெருக்கிகள், அதிர்வெண் 1000 ஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 34 செ.மீ. நீங்கள் 50 மீட்டர் தள்ளி, நேர்திசையிலிருந்து 30 பாகை விலகி நிற்கிறீர்கள். இரண்டிலிருந்தும் உங்களுக்குள்ள தூரத்தில் வேறுபாடு ஏறக்குறைய அரை மீட்டர். 50 மீட்டரோடு ஒப்பிட்டால் அது 1 சதவீதம். ஒலி அளவில் 0.09 டெசிபெல், காதுக்கே தெரியாது. அதே அரை மீட்டர் அலைநீளத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 525 பாகை கட்ட வேறுபாடு. அதைத் தூக்கி எறிந்தால் குறுக்கீடு எங்கிருந்து வரும்?

தீர்வு: வகுக்கும் இடத்தில் மையத்திலிருந்து தூரத்தை அப்படியே வையுங்கள். கட்டத்துக்குள் மட்டும், மூலத்தின் இடப்பெயர்ச்சி நீங்கள் பார்க்கும் திசையில் எவ்வளவு விழுகிறதோ அதைக் கழியுங்கள். கட்டத்தில் வரும் பிழையைத் தூரத்தோடு ஒப்பிடவே கூடாது, அலைநீளத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டாலே பாதிப் பிழைகள் ஓடிவிடும்.

அறிகுறி: அமைப்பு வருகிறது, ஆனால் சுழியாக வேண்டிய இடங்கள் நிரம்பியிருக்கின்றன, பக்க மடல்கள் (ஓரத்துச் சிறு முகடுகள்) முதன்மை மடலோடு (நடுப் பெரு முகட்டோடு) ஒட்டிக்கொள்கின்றன

அலைமுகத்தின் வளைவு இன்னும் போகவில்லை என்று பொருள். அளக்கும் பகுதியின் நடுவில் அலை முதலில் வந்துவிடுகிறது, ஓரத்தில் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதம் எவ்வளவு? அகலத்தின் வர்க்கத்தை எட்டு மடங்கு தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் நீளம். அது அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால், அதாவது 22.5 பாகை, குறைந்தபட்ச தூரம் இப்படி வரும்:

தூரம் = 2 × அகலம் × அகலம் ÷ அலைநீளம்

ஆண்டெனா அளப்பவர்கள் தினமும் புழங்கும் ஃபிரான்ஹோஃபர் தூரம் இதுதான். இதில் அகலம் வர்க்கமாக வருவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 12 கிகாஹெர்ட்ஸில் 60 செ.மீ. டிஷ் ஒன்றுக்கு இது சுமார் 29 மீட்டர். 8.4 கிகாஹெர்ட்ஸில் 70 மீட்டர் டிஷ்ஷுக்கு 270 கிலோமீட்டருக்கு மேல். பெரிய டிஷ்ஷை மைதானத்தின் மறுகோடியில் ஒரு மூலத்தை நிறுத்தி அளந்துவிட முடியாததற்கு இதுவே காரணம். அங்கே விண்ணிலுள்ள ரேடியோ மூலங்களையோ செயற்கைக்கோள்களையோதான் நாட வேண்டும்.

ஒளியிலும் இதே கணக்குதான். 633 நானோமீட்டர் சிவப்பு லேசர், 0.1 மி.மீ. பிளவு: தேவைப்படும் தூரம் 3 செ.மீ.க்குச் சற்று மேல். திரையை 2 மீட்டரில் வைத்தால் தாராளம். பிளவை 2 மி.மீ. ஆக்கிவிட்டு அதே 2 மீட்டரில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் இப்போது 12 மீட்டருக்கு மேல் போக வேண்டும். பிளவை 20 மடங்கு பெரிதாக்கினோம், தூரம் 400 மடங்கு ஆகிவிட்டது.

22.5 பாகை என்பது இயற்கை விதி அல்ல, ஓர் ஒப்பந்தம். முதன்மை மடலின் உச்சியை மட்டும் அளப்பவருக்கு அது போதும். மிகத் தாழ்ந்த பக்க மடல்களை அளப்பவருக்குப் போதாது. அவர் அதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ தள்ளிப் போக வேண்டியிருக்கும்.

தள்ளிப் போக இடம் இல்லையென்றால்? பிளவுக்குப் பின்னால் ஒரு குவிலென்ஸை வைத்து, திரையை அதன் குவியத் தளத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிவிலியில் தெரிய வேண்டிய அமைப்பு அங்கேயே வந்துவிடும். ஆண்டெனாவுக்கு அதே வேலையை ஒரு பரவளையப் பிரதிபலிப்பான் செய்யும்: அதன் குவியத்தில் சிறு மூலத்தை வைத்தால் எதிரே ஓரளவு அகலத்துக்குத் தட்டையான அலைமுகம் கிடைக்கும். கணக்கில் மட்டும் செய்கிறீர்கள் என்றால் லென்ஸ் எதற்கு, தூரத்தின் விரிவில் இருபடி உறுப்பை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது ஃபிரெனல் தோராயம். அதற்கும் எல்லை உண்டு. 10 செ.மீ. தூரத்தில், அச்சிலிருந்து 1 செ.மீ. விலகிய புள்ளியில், அரை மைக்ரோமீட்டர் ஒளிக்கு, நாம் விட்டுவிட்ட நாற்படி உறுப்பு மட்டுமே இரண்டரை அலைநீளம். அங்கே தோராயமே வேண்டாம், வர்க்கமூலத்தை முழுசாகப் போடுங்கள்.

அறிகுறி: திரையை எவ்வளவு தள்ளினாலும் மேலே சொன்ன கோளாறு போகவில்லை

திரைப் பக்கத்தை விட்டுவிட்டு மூலத்தின் பக்கம் திரும்புங்கள். திறப்பின், அதாவது பிளவின், மேல் வந்து விழும் அலையும் கோள அலைதான். அதன் வளைவும் திறப்பிலிருந்து திரைக்குப் போகும் வளைவும் ஒன்றோடொன்று கூடும். மூலத்தின் தூரத்தின் தலைகீழையும் திரையின் தூரத்தின் தலைகீழையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைத் தலைகீழாக்கினால் வருவதே பயனுறு தூரம். மூலம் 30 செ.மீ.யில் இருந்தால், திரையை நிலவில் கொண்டு போய் வைத்தாலும் பயனுறு தூரம் 30 செ.மீ.யைத் தாண்டாது. மூலத்தைத் தள்ளுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கமும் ஒரு லென்ஸ் போடுங்கள்.

அறிகுறி: மைக் வரிசை திசையைச் சொல்கிறது, ஆனால் மங்கலாக, எதிர்பார்த்த ஆதாயம் இல்லை

இதுவும் வளைவின் வேலைதான், வேறு வேடத்தில். 1 மீட்டர் நீள வரிசை, 3430 ஹெர்ட்ஸ், அலைநீளம் 10 செ.மீ. தள அலை என்று வைத்துக்கொள்ள 20 மீட்டர் வேண்டும். பேசுபவர் 2 மீட்டரில் நிற்கிறார். ஓர மைக்குகளுக்கு ஒலி 6 செ.மீ.க்கும் கொஞ்சம் கூடுதலாகப் பயணப்பட்டு வருகிறது. கட்டத்தில் அது சுமார் 222 பாகை. நடு மைக்கும் ஓர மைக்கும் கூட வேண்டிய இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தாமதங்களைத் திசைக்கு ஏற்பக் கணக்கிடாமல், ஒவ்வொரு மைக்குக்கும் பேசுபவருக்கும் உள்ள நேர்த் தூரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். வளைவு இருப்பதில் ஓர் ஆதாயமும் உண்டு: தள அலை திசையை மட்டுமே சொல்லும், கோள அலை தூரத்தையும் சொல்லும்.

அறிகுறி: தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறைய வேண்டும், குறையவில்லை

3 டெசிபெல் குறைகிறது என்றால் அது கோள அலையே இல்லை, உருளை அலை. நீண்ட கோடாக இருக்கும் மூலத்துக்கு அருகில் இப்படித்தான் நடக்கும். இருபரிமாண சிமுலேஷனிலும் இதே அறிகுறி வரும், இதைத் தேடித் தலையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். இருபரிமாணத்தில் நீங்கள் வைக்கும் புள்ளி, உண்மை உலகில் தாளுக்குச் செங்குத்தாக முடிவில்லாமல் நீளும் ஒரு கம்பி. வீச்சு தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாகத்தான் குறையும். நிரலில் பிழை இல்லை, கேட்ட கேள்விதான் வேறு.

ஒரு தூரத்துக்கு மேல் குறைவே நின்றுவிட்டது என்றால் அறையின் எதிரொலி. மைக்கை நகர்த்துவதில் பயனில்லை. சுவரிலிருந்து வரும் ஒலியைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

அருகில் மட்டும் கணக்கு இடறி, தொலைவில் சரியாக இருந்தால், தூரத்தை எங்கிருந்து அளக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒலிபெருக்கிப் பெட்டியின் முகப்பிலிருந்து நாடா பிடித்திருப்பீர்கள். கோளத்தின் மையம் அங்கேதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதற்கு எனக்குப் பிடித்த சோதனை: அழுத்தத்தின் தலைகீழைத் தூரத்துக்கு எதிராக வரைபடத்தில் போடுங்கள். நேர்கோடு வந்தால் கோள அலைதான். கோடு சுழியில் வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டினால், அந்தத் தள்ளல்தான் மையத்தின் இடம். டெசிபெல்லை வெறித்துப் பார்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு தெளிவு.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அலைமுகம் எவ்வளவு தட்டையானாலும் வீச்சு குறைவது நிற்பதில்லை. தள அலைக்கு வீச்சு மாறாது என்பது, நீங்கள் பார்க்கும் பகுதியின் ஆழம் தூரத்தோடு ஒப்பிட மிகச் சிறிதாக இருக்கும்வரை மட்டுமே செல்லும். 100 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் ஆழத்துக்குள் வீச்சு 1 சதவீதம் மாறும். அது பொறுக்கலாமா என்பதை உங்கள் அளவீடுதான் சொல்ல வேண்டும்.

அறிகுறி: கணினிப் படத்தில், உண்மையில் இல்லாத வளையங்கள், நடுவில் உள்ளது போலவே ஓரத்திலும் ஒரு மையம்

மாதிரி எடுக்கும் இடைவெளி போதவில்லை. கோள அலையின் கட்டம் நடுவில் மெதுவாகவும் ஓரத்துக்குப் போகப் போக வேகமாகவும் ஓடும். ஓரத்தில் இரண்டு மாதிரிகளுக்கு இடையே கட்டம் அரைச் சுற்றுக்கு மேல் தாவினால், கணினிக்கு அது மெதுவாக ஓடுவது போலத் தெரியும். அங்கே ஒரு போலி மையம் முளைக்கும். ஒளி அரை மைக்ரோமீட்டர், தூரம் 10 செ.மீ., மாதிரி இடைவெளி 10 மைக்ரோமீட்டர் என்றால் போலி மையம் சரியாக 5 மி.மீ.யில் உட்காரும். அலைநீளத்தையும் தூரத்தையும் பெருக்கி, மாதிரி இடைவெளியால் வகுத்துப் பாருங்கள். பேய் அங்கே இருந்தால் சந்தேகமே வேண்டாம். 5 மி.மீ. ஆரம் முழுவதும் படம் சரியாக வேண்டுமானால் இடைவெளி 5 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வளையங்கள் இல்லை, வெறும் மணல் தூவியது போல இரைச்சல்தான் என்றால் அது வேறு நோய்: எண்ணின் துல்லியம். அரை மைக்ரோமீட்டர் ஒளிக்கு 1 மீட்டரில் கட்டம் ஒன்றே கால் கோடி ரேடியனுக்கு மேல். 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளியே 1 ரேடியன். அதற்குள் சைன் எடுப்பது சீட்டுக் குலுக்குவதற்குச் சமம். 64 பிட்டுக்கு மாறினால் இந்தத் தூரத்துக்குச் சரியாகிவிடும். நட்சத்திரத் தூரத்துக்கு அதுவும் கை கொடுக்காது.

அங்கே தேவை துல்லியமல்ல, தந்திரம். உங்களுக்கு வேண்டியது முழுத் தூரம் அல்ல. சாய்தூரத்துக்கும் நேர்தூரத்துக்கும் உள்ள வேறுபாடுதான். இரண்டையும் தனித்தனியே கண்டுபிடித்துக் கழித்தால் இலக்கங்கள் எல்லாம் கரைந்துவிடும். அச்சிலிருந்து விலகலின் வர்க்கத்தை எடுத்து, சாய்தூரம், நேர்தூரம் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அதே வேறுபாடு ஓர் இலக்கமும் நழுவாமல் கிடைக்கும். தோராயம் எதுவும் இதில் இல்லை. இந்த ஒரு வரியை மாற்றினாலே பல நிரல்கள் உயிர்பெற்றுவிடும்.

அறிகுறி: அழுத்தத்திலிருந்து போட்ட கணக்கும் துகள் வேகத்திலிருந்து போட்ட கணக்கும் ஒத்துப்போகவில்லை

தள அலையில் இரண்டும் ஒரே கட்டத்தில் ஓடும். விகிதம் ஊடகத்தின் அடர்த்தியையும் ஒலியின் வேகத்தையும் பெருக்கி வருவது. கோள அலையில், மூலத்துக்கு அருகே, துகள் வேகத்துக்கு ஒரு கூடுதல் உறுப்பு உண்டு. அது அழுத்தத்திலிருந்து கால் சுற்று விலகி நிற்கும். இங்கே அளவுகோல் அகலம் அல்ல, அலைநீளத்தை 2 பையால் (2π) வகுத்தால் வரும் தூரம். சரியாக அந்தத் தூரத்தில் நின்றால் வேகம் தள அலைக் கணக்கைவிட 3 டெசிபெல் அதிகம், கட்டம் 45 பாகை விலகல்.

100 ஹெர்ட்ஸ் ஒலியை 10 செ.மீ.யில் எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் ஐந்தரை மடங்கு, ஏறக்குறைய 15 டெசிபெல். அதே இடத்தில் 1000 ஹெர்ட்ஸ் 1 டெசிபெல் சொச்சம்தான் கூடுகிறது. முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவ மைக்கை வாயருகே கொண்டுவந்தால் குரலின் அடித்தளம் மட்டும் பொங்குவது இதனால்தான். மைக் பழுதில்லை, அது வேகத்தைக் கேட்கிறது, வேகம் அங்கே உண்மையிலேயே அதிகம்.

செறிவைக் கணக்கிடுபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. புள்ளி மூலத்தின் கோள அலையில், அழுத்தத்தை மட்டும் வைத்துத் தள அலைச் சூத்திரத்தில் போட்டால் செறிவு எந்தத் தூரத்திலும் துல்லியமாகச் சரியாக வரும். கூடுதல் உறுப்பு ஆற்றலைச் சுமந்து செல்வதில்லை, முன்னும் பின்னும் ஆடுகிறது, அவ்வளவுதான். வேகத்தை மட்டும் வைத்துப் போட்டால் தவறும். ஆகவே இரண்டும் முரண்பட்டால் அழுத்தத்தின் பக்கம் நில்லுங்கள்.

ரேடியோவில் இதே அறிகுறி, மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம் 377 ஓம் வராமல் போவதாகத் தெரியும். 1 மெகாஹெர்ட்ஸில் எல்லைத் தூரம் 48 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் 2 செ.மீ. இரண்டு அளவுகோல்களும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதைக் கவனியுங்கள். அந்த 60 செ.மீ. டிஷ்ஷுக்கு 12 கிகாஹெர்ட்ஸில் இந்த எல்லை 4 மி.மீ., ஃபிரான்ஹோஃபர் தூரம் 29 மீட்டர். 1 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் முதலாவது 5 செ.மீ. ஆக வளரும், இரண்டாவது 2.4 மீட்டராகச் சுருங்கும். அதிர்வெண்ணைக் கூட்டினால் தொலைப் புலம் (தள அலையாக எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதி) கிட்ட வருமா, தள்ளிப் போகுமா என்று யாராவது கேட்டால், எந்தத் தொலைப் புலம் என்று திருப்பிக் கேளுங்கள்.

அறிகுறி: மூலம் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆனாலும் குறுக்கீட்டு வரிகள் தெரியவில்லை

சூரிய ஒளியை நேராக இரட்டைப் பிளவில் விட்டவர்களின் புகார் இது. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு புள்ளி மட்டும் எரிந்தால், இங்கே சுமார் 190 மீட்டர் அகலத்துக்கு அதன் அலைமுகத்தைத் தட்டை என்று சொல்லிவிடலாம். வளைவில் குறையே இல்லை. குறை, சூரியன் ஒரு புள்ளி அல்ல என்பதில். அது நமக்கு அரைப் பாகைக்குச் சற்று மேல் விரிந்து தெரிகிறது. அதன் ஒவ்வொரு புள்ளியும் தனக்கென ஒரு தள அலையைச் சற்றே வேறு திசையில் அனுப்புகிறது. அவற்றுக்குள் எந்த ஒத்திசைவும் இல்லை. வரிகள் ஒன்றன் மேல் ஒன்று இடம் மாறி விழுந்து அழிந்துபோகின்றன. அலைநீளத்தைக் கோண அகலத்தால், ரேடியனில், வகுத்தால் சுமார் 0.06 மி.மீ. வரும். பிளவுகள் அதைவிட நெருக்கமாக இருந்தால் மட்டும் ஏதாவது தெரியும்.

தீர்வு எளிது: முன்னால் ஒரு ஊசித்துளை. இனி அந்தத் துளைதான் மூலம். ஃபிரான்ஹோஃபர் தூரத்தை அதிலிருந்து புதிதாகக் கணக்கிட மறக்காதீர்கள்.

வரிகள் அழியும் இதே கோளாறையே கருவியாக்கிக்கொண்டவர்கள் அமெரிக்க இயற்பியலாளர் மைக்கேல்சனும் வானியலாளர் பீஸும். 1920 டிசம்பரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் ஒரு நீண்ட சட்டத்தைப் பொருத்தி, அதில் இரண்டு கண்ணாடிகளை மெல்ல விலக்கிக்கொண்டே போனார்கள். திருவாதிரை விண்மீனின் வரிகள் ஏறக்குறைய 3 மீட்டர் இடைவெளியில் மறைந்தன. அதிலிருந்து அதன் கோண விட்டம் 0.047 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்று கணக்கிட்டார்கள். உங்கள் வரிகள் காணாமல் போனால், போன இடைவெளியைக் குறித்து வையுங்கள். மூலத்தின் அளவு இலவசமாகக் கிடைக்கிறது.

அறிகுறி: தள அலையைக் கோள அலைகளின் தொடராக விரித்தேன், நடுவில் சரி, வெளியே சிதைகிறது

தொடரைச் சீக்கிரம் வெட்டிவிட்டீர்கள். 2 பையால் ஆரத்தைப் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். குறைந்தது அத்தனை உறுப்புகள் வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவும். கோளத் துகள்களால் ஒளி சிதறுவதைக் கணக்கிடும் மீ (Mie) சிதறல் நிரல்களில் வழக்கமாக அந்த எண்ணோடு அதன் கனமூலத்தின் நான்கு மடங்கையும் ஒரு 2-ஐயும் கூட்டிக்கொள்வார்கள். 5 அலைநீள ஆரத்துக்கு எண் 31. ஆகவே 46 உறுப்புகள் வரை போங்கள்.

உறுப்புகள் போதுமான அளவு இருந்தும் சிதைந்தால், ஒவ்வோர் உறுப்பும் ஆரத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும் பெசல் சார்புக்குத் தொலைவுத் தோராயத்தைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வெறும் சைனை ஆரத்தால் வகுக்கும் அந்த வடிவம், உறுப்பின் எண் கூடக் கூட இன்னும் இன்னும் தொலைவில்தான் சரியாகும். அந்தத் தொலைவு உறுப்பு எண்ணின் வர்க்கத்தோடு வளரும். அருகில் அசல் பெசல் சார்பையே போடுங்கள்.

அறிகுறி: லேசர் கற்றை தள அலை என்று நினைத்தேன், தொலைவில் விரிகிறது

இது கேள்வியின் மறுபக்கம். வரம்புள்ள அகலம் கொண்ட எந்தக் கற்றையும் தொலைவில் கோள அலையாகத்தான் மாறும். இடுப்பு ஆரம் (கற்றை மிகக் குறுகிய இடத்தில் அதன் ஆரம்) 1 மி.மீ. உள்ள 632.8 நானோமீட்டர் கற்றைக்கு எல்லை சுமார் 5 மீட்டர். அதற்கு வெகு உள்ளே அலைமுகம் ஏறக்குறைய தட்டை, எல்லையை நெருங்க நெருங்க வளையும். வளைவு மிகக் கூர்மையாக இருப்பதும் அந்த 5 மீட்டரில்தான். மேசைக்குள் முடியும் சோதனைக்கு அப்படியே விடலாம். கூடத்தின் மறுகோடி வரை தட்டையாக வேண்டுமென்றால் கற்றை விரிப்பானால் ஆரத்தை 5 மடங்காக்குங்கள். எல்லை 25 மடங்கு தள்ளி, 120 மீட்டரைத் தாண்டிவிடும்.